ஹட்டனில் இருந்துகொண்டு கூகுளில் மேலே வருவது எப்படி

கூகுளில் முதலாவது இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது போன் எடுத்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். மாதம் இவ்வளவு கட்டினால் போதும், மூன்று மாதத்தில் முதல் பக்கம் என்று சொல்லி, மலையகத்தில் ரூம் நடத்துகிறவர்கள், தேயிலைப் பக்கெட் விற்கிறவர்கள் பலரிடம் காசு கறந்திருக்கிறார்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் கொடுக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குக் காசு கட்டலாம். அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு வரும், காசு தீர்ந்த அன்று போய்விடும். மற்றபடி சாதாரண முடிவுகளில் இடம் விற்பனைக்கு இல்லை.

நான் ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு பிரின்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், போட்டோகொப்பி எல்லாம் போக, இப்போது பாதி வேலை இணையத்தளம்தான். சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் ரூம் வைத்திருக்கிற அக்கா, தலவாக்கலையில் தேயிலைப் பக்கெட் போடும் அண்ணன், ஓட்டோ ஓட்டும் தம்பிமார், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பெரிய பட்ஜெட் யாரிடமும் கிடையாது. அதனால் கீழே சொல்வதில் முக்கால்வாசி காசில்லாமல், கையில் இருக்கிற போனை வைத்தே செய்யக்கூடியவை.

கூகுளுக்கு உங்களைத் தெரியுமா?

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளின் பட்டியலில் இருக்கிறீர்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் தரவரிசையைப் பற்றிய பேச்சே பிறகுதான். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமாக இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதியைத் திறந்து, தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் பெட்டியில் சரி அடையாளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது அதைப் போட்டுவிட்டு, முடிந்ததும் எடுக்க மறந்துபோகிறார்கள். ஒரு சீசன் முழுக்க அப்படியே கிடந்த தளம் ஒன்று என் கடைக்கு வந்தது. காசு வாங்கிச் செய்து கொடுத்தவர் போனையே எடுப்பதில்லையாம்.

அடுத்து, தளம் வைத்திருக்கிறவர்களுக்கு கூகுள் தரும் சேர்ச் கன்சோல் என்ற கருவி. இலவசம். தளம் உங்களுடையது என்று நிரூபித்து, சைட்மேப்பை, அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியலைச் சமர்ப்பித்தால், எந்தப் பக்கத்தை கூகுள் எடுத்தது, எதை விட்டது, ஏன் விட்டது என்று சொல்லும். யார் என்ன தேடி உங்களிடம் வந்தார்கள் என்பதும் இதில்தான் இருக்கிறது. தளம் செய்து தருகிறவர் உங்கள் ஜிமெயிலிலேயே இதைத் திறந்து தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய கணக்கில் திறந்தால் நாளைக்கு அவர் துபாய்க்குப் போனதும் உங்கள் சாவியும் துபாய்க்குப் போய்விடும்.

தமிழில் தளம் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், பாமினி. நம் நாட்டில் பத்திரிகை அடித்தவர்கள் எல்லோருக்கும் கையில் படிந்த எழுத்துரு அது. என் கடையிலும் இன்றுவரை ஓடுகிறது. ஆனால் பாமினியில் ‘மலை’ என்று அடித்தால் கண்ணுக்குத்தான் மலை. அடியில் கிடப்பது கே, ஐ, வை என்ற மூன்று ஆங்கில எழுத்து. கூகுள் அடியில் கிடப்பதைத்தான் வாசிக்கும். பழைய தளங்கள் சில இன்னும் இப்படி இருக்கின்றன. எழுத்தை யூனிகோடுக்கு, அதாவது கணினி தமிழாகவே வாசிக்கும் முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றிவிடுங்கள். விலைப்பட்டியலை ஃபோட்டோஷாப்பில் அழகாகச் செய்து படமாகப் போடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீர்கள், அதையே பக்கத்தில் எழுத்தாகவும் போடுங்கள்.

பெரிய சொல்லை விட்டுவிடுங்கள்

‘இலங்கையில் ஹோட்டல்’ என்ற தேடலில் நீங்களும் நானும் ஜெயிக்க முடியாது. அந்த இடம் ரூம் பதிவு செய்யும் பெரிய கம்பெனிகளுடையது. அவர்கள் வழியாக வரும் ஒவ்வொரு ஆளுக்கும் 15 சதவீதம் அளவில் கமிஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் கம்பெனிகளுக்கு நல்லதண்ணி தெரியாது. ராத்திரி எத்தனை மணிக்கு மலை ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்குச் சரியாக இருக்கும், வேன் வாசல் வரை வருமா, இறங்கி வந்து குளித்துவிட்டுப் போக மத்தியானம் வரை ரூமை வைத்துக்கொள்ளலாமா, சுடுதண்ணி வருமா, இதெல்லாம் அவர்களிடம் கிடையாது. உங்களிடம் இருக்கிறது. தேடுகிறவன் கேட்பதும் இதைத்தான்.

அதனால் எந்தத் தளத்தையும் தொடங்குவதற்கு முன்னால் நான் ஒரு வேலை கொடுப்பேன். வட்ஸ்அப்பைத் திறந்து, போன சீசனில் விருந்தாளிகள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். நல்லதண்ணி அக்காவின் கொப்பியில் அடிக்கடி வந்த கேள்வி, “சீசன் இல்லாத நேரம் ஏறலாமா?” அதற்கென்று ஒரு தனிப் பக்கம் போட்டோம். தலைப்பு: ‘சீசன் இல்லாத மாதங்களில் சிவனொளிபாதமலை ஏறலாமா? நல்லதண்ணிப் பாதை’. முதல் பந்தி இப்படி:

“ஏறலாம். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரைதான் சீசன். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கு எரியாது, வழியில் தேநீர்க்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். டோர்ச், மழைக்கோட்டு, குடிதண்ணீர் மூன்றும் கையில் இருக்கவேண்டும். மழை நாளில் அட்டை இருக்கும். மலை 2243 மீற்றர், படிகள் ஏறத்தாழ 5500. நிதானமாக ஏறினால் மூன்று நான்கு மணித்தியாலம்.”

பதில் முதல் வார்த்தையிலேயே வந்துவிட்டது, கவனியுங்கள். ‘மலையகத்தின் எழில் கொஞ்சும் மடியில்’ என்று தொடங்கவில்லை. ராத்திரி ஹட்டன் ரயிலில் உட்கார்ந்து போனைத் தட்டுகிறவருக்கு எழில் தேவையில்லை, டோர்ச் வேணுமா வேண்டாமா என்பதுதான் தேவை. அவர் அந்தப் பதிலைப் படித்துவிட்டுக் கீழே இறங்கும்போது ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக வரும் பஸ், கொண்டுவர வேண்டிய சாமான், கடைசியில் அக்காவின் ரூம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இதே மாதிரி கேள்விகள் மலையகம் முழுக்கக் கிடக்கின்றன. நுவரெலியாவுக்கு ரயிலில் வருகிறவர் நுவரெலியா என்று ஸ்டேஷன் பெயர் தேடிக் குழம்புவார். இறங்கவேண்டியது நானுஓயாவில், அங்கிருந்து டவுன் 8 கிலோமீற்றர் அளவு. நுவரெலியாவில் ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்: எந்த ஸ்டேஷன், பஸ் எங்கே நிற்கும், ஓட்டோவுக்கு எவ்வளவு, மழை நேரத்தில் எப்படி. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நடக்கும் பீகோ டிரெயில் என்ற நடைபாதை வந்ததிலிருந்து கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் முதுகில் பையோடு நடந்து போகிறார்கள். மத்தியானம் எங்கே சோறு கிடைக்கும் என்று அவர்கள் தேடத்தானே செய்வார்கள்? ரொட்டியும் சம்பலும் விற்கிற கடைக்காரர் அந்தப் பதிலைச் சொன்னால், பெரிய ஹோட்டல் எதுவும் போட்டிக்கு வராது.

தலவாக்கலை அண்ணனுக்கும் அதே கணக்குத்தான். ‘சிலோன் டீ’ என்ற சொல்லில் அவர் எங்கே போய் நிற்பது? ஆனால் ‘பால் தேநீருக்கு பி.ஓ.பி.எஃப். நல்லதா, பி.ஓ.பி. நல்லதா’ என்று தேடுகிறவர் வாங்கப்போகிறவர். இரண்டும் தேயிலைத் தூளின் தரங்கள். தூள் சிறிசாக இருப்பதால் பி.ஓ.பி.எஃப். சீக்கிரம் சாயம் இறங்கும், கடுப்பாக இருக்கும், பாலுக்கு நிற்கும். இதை அண்ணன் தூங்கிக்கொண்டே சொல்வார். அதை எழுதி, கீழே பக்கெட் விலையைப் போட்டால் போதும்.

ஒரு ஊரையே நாலு விதமாக எழுதுவது நம் பழக்கம். ஹட்டன், அட்டன். ஹப்புத்தளை, அப்புத்தளை. மலைக்குக்கூடத் தமிழர் சிவனொளிபாதமலை என்பார்கள், சிங்களவர் ஸ்ரீபாத, வெளிநாட்டுக்காரர் ஆடம்ஸ் பீக். அதிகம் தேடப்படும் வடிவத்தைத் தலைப்பில் வையுங்கள், மற்றதை உள்ளே இயல்பாக ஒருமுறை எழுதினால் போதும். எது அதிகம் என்று கூகுள் டிரெண்ட்ஸில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காக ஒரே சொல்லைப் பந்திக்குப் பந்தி திணிக்காதீர்கள். அது கொழுந்தில் தண்ணீர் தெளித்து நிறுக்கிற வேலை, தராசுக்காரர் கழித்துவிடுவார். ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்று ஒரு பெட்டி இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

தலைப்பு, முகவரி பற்றி இரண்டு வார்த்தை. தேடல் முடிவில் தலைப்பு நீளமானால் வெட்டுப்படும், தமிழ் எழுத்து அகலம் என்பதால் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரமே வெட்டுப்படும். ஆகவே ஊர்ப் பெயரும் விஷயமும் முன்னால் வரட்டும், கடைப் பெயர் பின்னால். பக்க முகவரியைத் தமிழில் வைத்தால் குற்றமில்லை, ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பும்போது பல இடங்களில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீத அடையாளங்களோடு ஒன்பது எழுத்தாக விரிந்து, பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்துவிடுவார். ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள்.

தமிழ்ப் பக்கம் வேறு, ஆங்கிலப் பக்கம் வேறு என்று தனித்தனி முகவரி கொடுங்கள். பொத்தானை அமுக்கினால் அந்த இடத்திலேயே மொழி மாறும் கருவியை மட்டும் நம்பினால், மாறிய பக்கம் கூகுளின் பட்டியலில் ஏறாது.

வரைபடத்தில் உங்கள் வாசல்

ரூம், கடை, ஓட்டோ, சாப்பாடு என்று ஓரிடத்தில் இருந்து செய்யும் தொழிலுக்கு, இணையத்தளத்தைவிட முதலில் பார்க்கவேண்டியது, கூகுள் தேடலிலும் மெப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல். இதுவும் இலவசம். பக்கத்தில் இருப்பவற்றைக் காட்டும்போது மூன்றைப் பார்ப்பதாக கூகுள் சொல்கிறது: தேடியதோடு பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த இடம். தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில்.

தோட்டப் பகுதியில் தெருப்பெயரும் இல்லை, கதவிலக்கமும் இல்லை. கடிதம்கூட தோட்ட ஒபிஸ் வழியாகச் சுற்றித்தான் வரும். இந்த நிலைமையில் முகவரி எழுதி என்ன பிரயோசனம்? குறியை நீங்களே வாசலில் நின்று வையுங்கள். மெயின் ரோட்டில் வைத்துவிட்டால், இருட்டில் மழையில் வருகிற வேன்காரர் ஏதாவது தேயிலை ரோட்டில் ஏறி மாட்டிக்கொள்வார், கோபத்தில் ஒரு ஸ்டார் போடுவார். கூகுள் மெப்பில் வாசலைத் தொட்டுப் பிடித்தால் பிளஸ் கோட் என்று ஒரு சின்னக் குறியீடு கிடைக்கும். கதவிலக்கம் இல்லாத லயத்து வீட்டுக்கும் அது உண்டு. அதைத் தளத்திலும் போடுங்கள், வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

விமர்சனம் கேட்கலாம், வாங்கக்கூடாது. ஸ்டார் போட்டால் பில்லில் குறைப்பேன் என்பதும் கூகுளின் விதிக்கு மாறானது. விருந்தாளி கிளம்பும்போது இணைப்பை அனுப்பி, “நேரம் இருந்தா ரெண்டு வரி எழுதுங்க” என்றால் போதும். மோசமான விமர்சனத்துக்கும் பதில் எழுதுங்கள், சண்டை பிடிக்காமல். அதைப் படிப்பது எழுதிய ஆள் மட்டுமல்ல, அடுத்து வரப்போகிறவரும்தான்.

படம்தான் பாரம்

எங்கள் பக்கத்துத் தளங்கள் மெதுவாக இருப்பதற்கு நூற்றில் தொண்ணூறு காரணம் படம். இது ஆய்வு முடிவு இல்லை, என் கடை அனுபவம். மூடுபனி, நீர்வீழ்ச்சி, தேயிலை மலை, எல்லாம் போனிலிருந்து அப்படியே ஏற்றியது, ஒவ்வொன்றும் ஐந்து எம்.பி. முகப்பில் அப்படி ஆறு படம் சுற்றிக்கொண்டிருக்கும். கொழும்பில் ஃபைபர் இணைப்பில் பார்த்தால் ஜோராக இருக்கும். மஸ்கெலியா ரோட்டில் சிக்னல் ஒரு கோடு விழும் வளைவில் பஸ்ஸில் இருந்து திறந்து பாருங்கள். நான் புதுத்தளம் எதையும் அங்கே ஒருமுறை திறந்து பார்க்காமல் கொடுப்பதில்லை.

படத்தின் அகலத்தை 1600 பிக்சலுக்குள் கொண்டுவந்து, வெப்-பி வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கே.பி.க்குள் அடங்கும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே செய்து தரும். சுற்றும் படத்தொகுதியை எடுத்துவிட்டு ஒரே ஒரு நல்ல படம் வையுங்கள். கீழே இருக்கும் படங்களை ஆள் அந்த இடத்துக்கு வரும்போது ஏறும்படி செய்யலாம், ஆனால் முதல் படத்துக்கு அதைச் செய்யாதீர்கள், அது தாமதமாகும். பிறகு வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு மூன்று எண்ணைப் பாருங்கள். முக்கியமானது முகப்பின் பெரிய பகுதி தெரிய எடுக்கும் நேரம், அது 2.5 செக்கனுக்குள் இருக்கவேண்டும். மற்ற இரண்டு, தொட்டால் 200 மில்லிசெக்கனுக்குள் அசையவேண்டும், வாசிக்கும்போது எழுத்து துள்ளக்கூடாது. துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் அகலம் உயரம் குறிக்காமல் போட்ட படமாகத்தான் இருக்கும். ஆனால் பச்சை நிறம் வந்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கவேண்டாம். வேகமான வெற்றுப் பக்கத்தை கூகுள் மேலே தூக்கிவிடாது.

படத்துக்கான மாற்று எழுத்தில் ‘ஐ.எம்.ஜி. 2034’ என்று விடாமல், ‘நல்லதண்ணி ரூமின் பல்கனியிலிருந்து தெரியும் மலை’ என்று எழுதுங்கள். கண் தெரியாதவர்களுக்காக வந்த வசதி அது. படத் தேடலிலும் உதவும்.

வந்தவர் நிற்க

விருந்தாளி பக்கத்தைத் திறந்து ஐந்து செக்கனில் போய்விட்டால், மேலே வந்து என்ன லாபம்? முதல் திரையிலேயே மூன்று விஷயம் தெரியவேண்டும்: எந்த ஊர், என்ன தருகிறீர்கள், எவ்வளவு. விலையை மறைத்து ‘தொடர்பு கொள்ளவும்’ என்று போடுகிற பழக்கம் மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. விலை தெரியாதவர் போன் எடுக்கமாட்டார், அடுத்த தளத்துக்குப் போவார். சீசன் விலை, சாதாரண விலை என்று இரண்டும் போடுங்கள்.

திறந்த உடனே திரையை மூடும் பெட்டி, தானாகப் பாடும் பாட்டு, எல்லாம் எடுத்துவிடுங்கள். போனில் உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டிகளை 2017 ஜனவரியிலிருந்து கூகுளும் ஒரு குறையாக எடுத்துக்கொள்கிறது. வட்ஸ்அப் பொத்தான் கீழே ஓரமாக இருக்கட்டும், பெருவிரல் எட்டும் இடத்தில்.

ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அடுத்து எழக்கூடிய கேள்விக்கு ஒரு இணைப்பு வையுங்கள். சீசன் பக்கத்தைப் படிப்பவருக்கு அடுத்து பஸ் நேரம் வேணும். பஸ் பக்கத்தைப் படிப்பவருக்கு ரூம் வேணும். ‘மேலும் வாசிக்க’ என்று எழுதாமல் ‘ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ்’ என்றே இணைப்பை எழுதுங்கள். மனிதருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும்.

மலைநாட்டில் மழை பெய்தால் தகவல் மாறிவிடும். மண்சரிவால் ரயில் நிற்கும், ரோட்டை மூடுவார்கள். அந்த நேரம் பக்கத்தின் மேலே தேதியோடு ஒரு வரி, ‘இன்று நோர்வூட் வழி திறந்திருக்கிறது’ என்று போடுகிற தளத்தை ஆட்கள் மறுபடி வந்து பார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்குவதில் பலன் இல்லை.

செயற்கை நுண்ணறிவிடம் எழுத வாங்குவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எதில் எழுதினாய் என்று கூகுள் கேட்பதில்லை. ஆனால் யாருக்கும் உதவாத பக்கங்களை மொத்தமாகக் கொட்டுவதை 2024 மார்ச்சில் கொண்டுவந்த விதியில் ஸ்பாம் என்று வைத்திருக்கிறது. எழுத்துப்பிழை பார்க்க, ஆங்கிலத்தைச் சீர்படுத்த வாங்கிக்கொள்ளுங்கள். சுடுதண்ணி வருமா என்பது அதற்குத் தெரியாது.

மற்றவர் கொடுக்கும் இணைப்பு

ஸ்டான்ஃபோர்ட்டில் படித்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அடிப்படையாக வைத்ததே, ஒரு பக்கத்துக்கு வேறு தளங்கள் எத்தனை இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவர் யார் என்பதைத்தான். இன்றைக்கு வேறு எத்தனையோ பார்க்கிறார்கள், ஆனாலும் இணைப்புக்கு மதிப்பு இருக்கிறது. விலைக்கு வாங்கும் இணைப்பு விதிமீறல். அதைப் பிடிக்கத்தான் 2012இல் பெங்குவின் என்ற மாற்றத்தை கூகுள் கொண்டுவந்தது. உங்களிடம் தங்கி எழுதும் பயணக்காரர், உங்களைப் பற்றி எழுதிய பத்திரிகை, பக்கத்து ஊர் வழிகாட்டி ஆகியோரிடம் தாராளமாகக் கேட்கலாம். நல்லதண்ணி அக்காவும் ஓட்டோ தம்பியும் ஒருவர் தளத்தில் ஒருவரைக் குறிப்பிட்டால் அது இயல்பு, விருந்தாளிக்கும் உதவி. முன்பின் தெரியாத முப்பது தளங்களோடு மாற்றிக்கொள்வது வேறு விஷயம்.

மாதம் ஒருமுறை

சேர்ச் கன்சோலில் செயல்திறன் பகுதியைத் திறந்து, சராசரி இடம் 8இலிருந்து 20க்குள் இருக்கும் தேடல்களை மட்டும் பாருங்கள். முதல் பக்கத்தின் அடியிலோ இரண்டாம் பக்கத்திலோ நிற்பவை அவை, கொஞ்சம் தள்ளினால் ஏறும். அந்தக் கேள்விக்கு உங்கள் பக்கம் நேராகப் பதில் சொல்கிறதா என்று படித்துப் பார்த்து, விட்டுப்போனதை எழுதுங்கள். நிறையப் பேருக்குத் தெரிகிறது, யாரும் தொடவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள். அங்கே 16 மாதத் தகவல் வரை இருக்கும். சீசனை நம்பி வாழும் நமக்கு போன வாரத்தோடு ஒப்பிடுவது வீண், போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பிப்ரவரியைப் பார்த்துவிட்டு ஜூலையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும்.

மாற்றத்தின் பலன் சில நாளிலும் தெரியலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். ஆகவே டிசம்பர் சீசனுக்கான பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இணையத்தில் போட்டிருக்கவேண்டும். தேயிலைக்காரர்களுக்கும் அப்படித்தான்: டிம்புலப் பகுதியில் தரமான தேயிலை கிடைக்கும் பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ஊவா ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. கொழுந்து வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பக்கம் ஏறுவதற்குள் பக்கெட் தீர்ந்துவிடும். சீசன் முடிந்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு அடுத்த வருஷம் புது முகவரியில் புதிதாகப் போடாதீர்கள். முகவரியில் வருஷத்தை எழுதாமல், அதே பக்கத்தையே திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வருஷம் போட்ட பழைய பக்கம் இருந்தால், அதிலிருந்து புதியதற்கு 301 வழிமாற்றம் (பழைய முகவரிக்கு வருகிறவரை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பிவிடுவது) போடச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸில் அதற்கு இலவச பிளகின் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை.